காளான் என்று எழுதியிருந்த போத்தல்

சுகுமாறனுக்குச் சாமி கிடையாது. அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்காதபோதும் சொல்லிவிடுவான் என்பதுதான் குடும்பத்தில் அவன்மேல் இருந்த ஒரே பெரிய குறை. மாதவியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிட்டான். மாதவியின் அம்மா தனலெட்சுமி அன்று கேட்ட கேள்வியைப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“சாமி பயம் இல்லேன்னா, யாரும் பாக்காதப்ப நீங்க தப்பு பண்ண மாட்டீங்கன்னு என்ன கேரண்டி மாப்ள?”

“யாரும் பாக்கலேன்னாலும் நான் பாக்குறேன்ல அத்தை.”

“உங்கள நீங்களே பாத்துக்கிட்டா ஆச்சா? நல்லா இருக்கே கத! திருடன்கூடத்தான் கண்ணாடி பாக்குறான்.”

இதற்கு அவன் என்ன பதில் சொன்னாலும் அவள் காதில் வாங்கியிருக்கப் போவதில்லை. கிள்ளானில் தனலெட்சுமியின் வீட்டில்தான் மூன்று பேரும் இருந்தார்கள். ஆகையால் கேள்வி காலையில் ஒருமுறை, டிவி சீரியல் விளம்பரத்தில் ஒருமுறை என்று வாடிக்கையாக வந்துகொண்டிருந்தது. அவனும் பழகிவிட்டான்.

போன வருஷம் போர்ட் கிள்ளானில், அவன் வேலை பார்க்கும் கிடங்கில், லோரியின் பின்கதவு கழன்று அவன் காலில் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மாதவி அழுதுகொண்டிருக்க, தனலெட்சுமி தாழ்வாரத்திலேயே கிழக்குப் பார்த்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். மாப்பிள்ளை ரெண்டு காலில் நடந்தால், தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். மாப்பிள்ளை நடந்தான். கைத்தடி ஊன்றித்தான் நடந்தான், ஆனாலும் நடந்தான். டாக்டர் வைத்த தகடும் ஆணியும்தான் காரணம் என்று அவன் சொன்னான். அந்த ஆணியை முடுக்கியது யார் என்று அவள் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாற்பத்தெட்டு நாள் மச்சம் மாமிசம் இல்லாமல் இருப்பது எல்லாருக்கும் பெரிய விஷயம் இல்லை. தனலெட்சுமிக்குப் பெரிய விஷயம். இருபது வருஷம் தாமான் குடியிருப்பு முனையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை போட்டவள். அவள் வைக்கும் நெத்திலிச் சம்பலுக்காக ஷா ஆலாமிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. முழங்கால் தேய்ந்து கடையை மூடிய பிறகும் மீன் இல்லாத சோறு அவளுக்கு இறங்காது. வெறும் ரசத்தை முன்னால் வைத்தால், காய்ச்சல்காரிக்குக் கொடுப்பதை எனக்கு ஏன் கொடுக்கிறாய் என்று கேட்பாள். அப்பேர்ப்பட்டவள் அவன் காலுக்காக நெத்திலியை விடுகிறேன் என்றாள். சுகுமாறனுக்கு முருகன்மேல் நம்பிக்கை வரவில்லை, ஆனால் நெஞ்சு கனத்தது.

சிக்கல் எங்கே வந்ததென்றால், விரதம் தொடங்குகிற சமயத்தில் தனலெட்சுமிக்குக் கண் ஆபரேஷன். முதலில் இடது கண், மூன்று வாரம் கழித்து வலது கண். அடுப்புப் பக்கமே தலை காட்டக்கூடாது, ஆவி படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதவிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஆபீசில் வேலை. விடியற்காலைக் கொமுட்டர் ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். வீட்டில் இருப்பது டாக்டர் கொடுத்த எம்.சி. லீவு எடுத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் சுகுமாறன் ஒருத்தன்தான்.

“சாமி இல்லேங்குறவங்க கையால விரதச் சாப்பாடா!” என்று தனலெட்சுமி கட்டுக்கட்டிய கண்ணோடு பதறினாள். “யாரு பாக்கப் போறான்னு எதையாவது கலந்துட்டீங்கன்னா?”

சுகுமாறனுக்குச் சுருக்கென்றது. “அத்தை, நாப்பத்தெட்டு நாளும் இந்த வீட்டுக்குள்ள ஒரு முட்ட ஓடுகூட வராது. நீங்க என்னை நம்பிச் சாப்பிடலாம்.”

தனலெட்சுமி ஒரு பேரம் வைத்தாள். “சரி. நாப்பத்தெட்டு நாளும் சுத்தமா ஆக்கிப் போட்டுட்டீங்கன்னா, இனிமே அந்தக் கேள்விய என் வாயால கேக்க மாட்டேன். முருகன்மேல சத்தியம்.”

பன்னிரண்டு வருஷத்துக் கேள்வி! அதற்காகவே சுகுமாறன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினான். பிரீசரில் இருந்த கோழி, மீன் எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. சட்டி பானையைப் புளி போட்டுக் கொதிக்க வைத்தான். மாதவி மஞ்சள் தண்ணி தெளித்தாள். கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, எறும்பு எழுத்தில் இருப்பதையெல்லாம் போனில் பெரிதாக்கிப் படித்தான். பிஸ்கட்டில் முட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தான். பூசாரிகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவன் அல்லவா, எழுதியிருப்பதைப் படித்துத்தான் எதையும் உள்ளே விட்டான்.

அங்கேதான் வந்தது வினை. அந்த வீட்டு அடுப்படியில் எந்த டப்பாவும் தன்மேல் எழுதியிருப்பதற்கு உண்மையாக இருந்ததே கிடையாது. மைலோ டின்னில் மிளகாய் வற்றல். நெஸ்காபி போத்தலில் கடுகு. ஐஸ்கிரீம் டப்பாவில் புளி. காலி டப்பாவைக் குப்பையில் போட்டால் குடும்பம் உருப்படாது என்பது தனலெட்சுமியின் கொள்கை. எது எதில் இருக்கிறது என்பது அவளுக்கும் மாதவிக்கும் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். சுகுமாறனோ பன்னிரண்டு வருஷத்தில் அந்த அடுப்படியில் ஐஸ்பெட்டிக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

முதல் பதினெட்டு நாள் ஒரு தொல்லையும் இல்லை. சைவச் சமையலுக்கு ருசி சேர்க்க மாதவி ஒரு பாக்கெட் காளான் தூள் வாங்கி வைத்திருந்தாள். அதைப் போட்டுத்தான் ஆக்கினான். தனலெட்சுமி பகலில் ஒருவேளைதான் சாப்பிடுவாள், ராத்திரிக்குப் பாலும் பழமும். அந்த ஒருவேளையையும் மருந்து முழுங்குவதுபோல முழுங்கினாள். “நல்லாத்தான் இருக்கு,” என்பாள். அந்தத் ‘தான்’ போதாதா அவனுக்கு! எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவுவான்.

பிறகு பாக்கெட் தீர்ந்தது. மேல் தட்டில் துழாவினான். பின்னால் ஒரு கண்ணாடிப் போத்தல் நின்றது. காளான் படம், ‘காளான் தூள்’ என்று மூன்று மொழியில் எழுத்து, கீழே ‘சுத்த சைவம்’ என்று பச்சை முத்திரை. உள்ளே பழுப்பாகத் தூள். படித்தான், திருப்பிப் பார்த்தான், காலாவதி தேதி ஒன்றுதான் அழிந்திருந்தது. முகர்ந்தும் பார்த்தான். கோவிட் வந்து போனதிலிருந்து அவன் மூக்கும் நாக்கும் அரைச் சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தன. ஏதோ மணம் வந்தது, காளான் மணம் இப்படித்தான் இருக்கும் போல என்று ஒரு கரண்டி அள்ளிப் போட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நல்ல காலம் பிறந்தது. தனலெட்சுமி இரண்டாம் முறை சோறு கேட்டாள். வெண்டைக்காய்ப் பிரட்டலைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டாள். “மாப்ள கை மணம் யாருக்கு வரும்!” என்று போனில் தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தங்கச்சி தாமரை வரைக்கும் செய்தி போயிற்று. வேலை நாளில் மாதவி வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருக்கும்போதுகூடத் தனலெட்சுமி, “நீ ஏண்டி அடுப்புல வேகுற, அவரே ஆக்கட்டும்,” என்று தடுத்து, அவளைக் கோயிலுக்குப் பூ கொண்டுபோகச் சொல்லி அனுப்பிவிடுவாள். மாதவி திரும்பி வருவதற்குள் கறி காலியாகியிருக்கும். “உனக்கு மோர் இருக்கு பாரு,” என்பாள்.

சுகுமாறன் பூரித்துப் போனான். இன்னொன்றையும் கவனித்தான். சாயங்காலம் விளக்கேற்றும்போது அவள் இப்போதெல்லாம் அதிக நேரம் நின்றாள். தேய்ந்த முழங்காலோடு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தோப்புக்கரணம் வேறு போட்டாள். என் காலுக்காக அத்தை தன் காலை இப்படி வருத்திக்கொள்கிறாரே என்று அவனுக்குக் கண் கலங்கியது. மறுநாள் இன்னும் அரைக்கரண்டி தூள் கூடப் போட்டான்.

நாற்பத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தைப்பூசத்துக்குச் சரியாக ஒரு வாரம். சுகுமாறன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அப்பளம் எடுக்க வந்த மாதவி, அடுப்புப் பக்கத்தில் இருந்த போத்தலைப் பார்த்து நின்றாள். மூடியைத் திறந்தாள். மோந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“இத எதுக்குங்க வெளிய எடுத்தீங்க?”

“அதப் போட்டுத்தானே ஆக்குறேன். காளான் தூள்.”

“காளானா! ஐயோ, இது அம்மா கடைக்கு வறுத்து இடிச்ச நெத்திலித் தூளாச்சே! எத்தன நாளா?”

உரித்த வெங்காயம் உருண்டு அடுப்புக்கடியில் போயிற்று. சுகுமாறன் அதை எடுக்கவில்லை. “காளான்னு எழுதிருக்கே,” என்றான்.

“எழுதிருந்தா? இந்த வீட்டுல எதுலயாச்சும் எழுதிருக்கிறது இருந்துருக்கா?” மாதவி தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் போடவும் முடியாது, கூடத்தில் அம்மா இருக்கிறாள். “கேளுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தெரிஞ்சா அம்மா ஒடஞ்சு போயிருவாங்க. அடுப்படிய ஏன் ஒழுங்கா காலி பண்ணலேன்னு என்னையும் கொன்னுருவாங்க. இன்னும் ஏழே நாளு. இனிமே போடாதீங்க, அவ்வளவுதான்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“யாரு பொய் சொல்லச் சொன்னா? சும்மா இருங்கன்னுதான் சொல்றேன்.” இதைச் சொன்னவள் செவ்வாய், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் என்பதை அவன் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்குத் தூள் போடாமல் ஆக்கினான். தனலெட்சுமி ஒரு வாய் வைத்தாள், மென்றாள், நிறுத்தினாள். “அந்தத் தூளு தீந்து போச்சா மாப்ள?”

“எந்தத் தூளு அத்தை?”

“ஏதோ போடுவீங்களே. எனக்கென்ன தெரியும், நான் அடுப்படிக்கா வர்றேன்?” என்று சொல்லி மோரை ஊற்றிக்கொண்டாள்.

சுகுமாறனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொல்லாமல் விட்டால் ஏழு நாளில் ஜெயித்துவிடுவான். சாமி இல்லாதவனையும் நம்பலாம் என்று அத்தை வாயாலேயே வந்துவிடும், கேள்வி செத்துப் போகும். ஆனால் அது பொய்யில் ஜெயித்தது. சொன்னாலோ தோற்றான். பார்த்தீர்களா, சாமி இல்லாத கை இப்படித்தான் என்று ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும். நேர்மையானவன் என்று காட்ட வேண்டுமானால், நம்ப முடியாதவன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு மாட்டலில் அவன் அதுவரை மாட்டியதில்லை.

திங்கட்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாக நடந்து கோயிலுக்குப் போனான். பூசாரி ரெங்கசாமி தேங்காய் மூடிகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர், இவனைப் பார்த்ததும் வாசலில் ஏதோ விபத்து என்று நினைத்து எழுந்துவிட்டார்.

“ஒண்ணுமில்லண்ணே, ஒரு சந்தேகம். ஒருத்தவங்க விரதத்துல இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாம கவிச்சி உள்ள போயிருச்சு. என்ன பண்றது?”

ரெங்கசாமி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “இந்த வருசம் இது ரெண்டாவது கேஸு. தெரியாம சாப்பிட்டா குத்தமே இல்ல. தெரிஞ்சாத்தான் குத்தம். நீங்க போய்ச் சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சு போயிரும். அப்ப அவங்களக் குத்தவாளி ஆக்குனது யாரு? நீங்க. அதனால வாயத் தொறக்காதீங்க பாஸ். ஒரு அர்ச்சன வேணா பண்ணிரலாம். பேரு, நட்சத்திரம்?”

“அவங்க கேட்டா?”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்க. கேட்டா மட்டும் யோசிச்சுக்கலாம்.”

அர்ச்சனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றித் திரும்பினான். கோயில்காரர் இப்படித்தான் பேசுவார், நம் ஆளிடம் கேட்போம் என்று மறுநாள் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் போனான். அங்கே அச்சுக்கடை வைத்திருக்கும் கமலநாதன்தான் அவனுக்குப் பகுத்தறிவு படிப்பித்தவர். மாதம் ஒருமுறை கடை மாடியில் கூட்டம் போட்டு, கடவுள் இல்லை என்பதை வந்திருக்கும் ஏழு பேருக்கும் மறுபடி நிரூபிப்பார். கடை வாசலில் நின்ற அவர் வேனில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. “சம்சாரம் கட்டுனது,” என்று கேட்பதற்கு முன்பே சொன்னார்.

விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். “அடேயப்பா, நெத்திலி! இருவது நாளுக்கு மேல நெத்திலி! என்ன ஆச்சு? கண்ணு போச்சா? ஆபரேஷன் நல்லா முடிஞ்சுருச்சுல்ல? இதவிட என்ன ஆதாரம் வேணும்?”

“அது இல்லண்ணே. நான் சொல்லணுமா வேணாமா?”

“எதுக்குச் சொல்லணும்? யாருக்கு என்ன நட்டம்? நீ போய்ச் சொன்னா, நெத்திலிக்கும் நேர்த்திக்கடனுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கொள்கை என்ன ஆவுறது?”

“அவங்க என்னை நம்பிச் சாப்பிட்டாங்கண்ணே.”

“நம்பிக்கதான்யா நம்ம எதிரி!”

சுகுமாறனுக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி உண்டு என்கிறவரும் சொல்லாதே என்கிறார், சாமி இல்லை என்கிறவரும் சொல்லாதே என்கிறார். ஊரில் இந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை! அவர் நீட்டிய தேத்தண்ணியைக் குடிக்காமலேயே கிளம்பினான். ரயிலில் கிள்ளான் வருகிறவரைக்கும் ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. நெத்திலியில் பாவம் இல்லை, அது அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சோற்றை அவள் வாயில் வைத்தது அவன் வார்த்தையை நம்பி. யாரும் பார்க்காவிட்டாலும் நான் பார்க்கிறேன் என்று சொன்னவன் அவன்தான். இப்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தான், பார்க்கச் சகிக்கவில்லை.

புதன்கிழமை பகல். கத்திரிக்காய்க் குழம்பும் முட்டைக்கோஸும் ஆக்கி மேசையில் வைத்தான். மாதவி வேலைக்குப் போயிருந்தாள். தனலெட்சுமி வந்து உட்கார்ந்து, சோற்றில் கை வைக்கப் போனாள். சுகுமாறன் போத்தலை எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

“அத்தை, சாப்பிடுறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். இதுல இருந்தது காளான் இல்ல. உங்க நெத்திலித் தூளு. எழுதிருந்தத நம்பிப் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுச்சு. மாதவி மேல தப்பு இல்ல, என் தப்புதான். இருபத்தோரு நாளு போட்டுருக்கேன். என்னை நம்பிச் சாப்பிடலாம்னு சொன்னேன், முடியல. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்.”

அவன் அலறலுக்காகக் காத்திருந்தான். முருகா என்று ஒரு கூப்பாடு, தலையில் ஒரு அடி, இது இரண்டும் நிச்சயம் என்று நினைத்திருந்தான். தனலெட்சுமி சோற்றைப் பார்த்தாள். போத்தலைப் பார்த்தாள்.

“இருபத்திரெண்டு,” என்றாள்.

“என்னது?”

“இருபத்திரெண்டு நாளு மாப்ள. நீங்க அந்த வாரத்து ஞாயித்துக்கிழமைல இருந்து போட்டதா எண்ணுறீங்க. அதுக்கு முந்துன சனிக்கிழமையே கத்திரிக்காய்ல போட்டுட்டீங்க.”

சுகுமாறன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். அவள் கணக்குத்தான் சரி.

“இருவது வருசம் என் கையால வறுத்து இடிச்ச தூளு. எனக்குத் தெரியாதா? மொத வாயிலயே தெரிஞ்சுருச்சு.” தனலெட்சுமி அவன் முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பின் நூலைப் பிய்த்தாள். “துப்பிரணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள முழுங்கிட்டேன். பதினெட்டு நாளா நாக்கு செத்துக் கெடந்துச்சு மாப்ள. சரி, இன்னிக்கு ஒரு நாளுன்னு சாப்பிட்டேன். மறுநாளும் அதையே போட்டீங்க.”

“ஏன் அத்தை சொல்லல?”

“சொன்னா நிறுத்திருவீங்களே!”

“அப்ப சாமி? பயம்?”

“தெனம் வெளக்கேத்தி அவருகிட்ட சொல்லிட்டுத்தான் சாப்பிட்டேன். அப்பனே, நான் தெரியாத மாதிரி சாப்பிடுறேன், நீயும் தெரியாத மாதிரி இருந்துக்கன்னு. தோப்புக்கரணம்கூடப் போட்டேனே, பாத்தீங்கல்ல? ரெங்கசாமிகிட்டயும் போய்க் கேட்டேன். தெரியாம சாப்பிட்டா குத்தமில்ல, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு.”

ரெண்டாவது கேஸு! முதல் கேஸ் இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறது. சுகுமாறனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. “மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல அத்தை! ஒடஞ்ச காலோட கோயிலுக்குப் போனேன், பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். நீங்க பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்தீங்க?”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன். சொல்லக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன். நீங்களும் மறைச்சுட்டீங்கன்னா, நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு எனக்கு ஒரு நிம்மதி இருந்துருக்கும்.” ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணி வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது கேட்காமல் வந்துவிட்டது. “முருகன்கிட்டச் சொல்ல எனக்கு ஒரு சூடம் போதும் மாப்ள. உங்ககிட்டச் சொல்லத்தான் வாய் வரல. பன்னெண்டு வருசமா உங்களப் பாத்துக் கேட்டவ நான். எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?”

சுகுமாறனின் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. ஜெயித்துவிட்டோமா என்று ஒரு நொடி மனசு கேட்டது. ஜெயித்த மாதிரியே இல்லை. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு தன் காலுக்காக முழுசாகப் பதினெட்டு நாள் பட்டினி கிடந்தவள் என்றுதான் தோன்றியது. முந்தைய எல்லா நாளையும்விட அன்றைக்கு அவளை அவனுக்குப் பிடித்திருந்தது.

“விடுங்க அத்தை. என் காலுதான் நல்லாயிருச்சே. பால்குடம் எடுக்கணும்னே இல்ல.”

“அதச் சொல்ல நீங்க யாரு?” தனலெட்சுமி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். பழைய குரல் திரும்பிவிட்டது. “இந்தத் தைப்பூசத்துக்கு எடுக்க மாட்டேன். இந்த வயித்தோட எடுத்தா எனக்கே கூசும். பங்குனி உத்தரத்துக்கு எடுக்குறேன். மறுபடியும் மொதல்லேர்ந்து நாப்பத்தெட்டு நாளு. நீங்கதான் ஆக்குறீங்க.”

“நானா? இனிமேலுமா?”

“வேற யாரு? மாதவி ஆக்குனா, ஒரு சிட்டிக போடுடின்னு நான் கேப்பேன், அவளும் போட்டுருவா. அவ என் மக.” போத்தலை எடுத்து மூடியை இறுக்கித் திருகி அவன் பக்கம் தள்ளினாள். “இத நீங்க வச்சுக்குங்க. எனக்குத் தெரியாத எடத்துல.”

“குப்பையில போட்டுறலாமே?”

“ஐயையோ! நல்ல தூளு மாப்ள. பங்குனிக்கு அப்புறம் வேணும்.”

சுகுமாறன் சிரித்தே விட்டான். அத்தையைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை. கூடத்துச் சுவரில் மாலையோடு இருந்த படத்தைக் கைத்தடியால் காட்டினான். “அப்ப அந்தப் படத்துக்குக் கீழ வைக்கட்டுமா? முருகன் பாத்துக்குவாருல்ல?”

தனலெட்சுமி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, நெத்திலி இல்லாத கத்திரிக்காயைச் சோற்றில் பிசைய ஆரம்பித்தாள்.

“அவரு இருபத்திரெண்டு நாளும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு,” என்றாள். “நீங்களே வச்சுக்குங்க மாப்ள.”